வலிக்கவே வலிக்காது என்கிற பொய்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், அந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும். "ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா கண்ணு, வலிக்கவே வலிக்காது." சொல்வது அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, யாராக இருந்தாலும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிற பிள்ளையின் முகத்தைக் கவனித்தால் வேறொன்று தெரியும். அதுவரை நாற்காலியின் கிழிந்த உறையை நோண்டிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நிமிரும். வலியைப் பற்றி அது அதுவரை யோசிக்கவே இல்லை. இப்போதுதான் தொடங்குகிறது.

அந்தச் சொல்லின் அமைப்பே கொஞ்சம் வில்லங்கமானது. ‘வலி’ முன்னால் வந்து நின்றுகொள்கிறது, மறுப்பு கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நான்கு வயதுப் பிள்ளை முதல் பாதியிலேயே நின்றுவிடும். போதாததற்கு ‘வலிக்கவே வலிக்காது’ என்று அழுத்திச் சொல்கிறோம், ஆக இரண்டு வலி. ‘ஒண்ணும் பண்ண மாட்டாங்க’ என்பது இன்னும் மோசம், ஏனென்றால் கட்டாயம் ஏதாவது செய்யத்தான் போகிறார்கள். முகத்துக்கு நேரே விளக்கைப் போடுவார்கள், நாற்காலியைச் சாய்ப்பார்கள், முகமூடி போட்ட ஒருவர் வாய்க்குள் கண்ணாடியை விடுவார். ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நம்பி வந்த குழந்தைக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஏமாற்றம். கடைசியில் ஊசி வரும்போது அது அழுவது ஊசிக்காக மட்டும் என்று நினைத்தால் தவறு. வீட்டார் வார்த்தையை நம்ப முடியாது என்பதையும் சேர்த்தே அழுகிறது. ஊசியின் சுருக்கு சில நொடிகளில் போய்விடும். மற்றது அடுத்த தடவை வாசலிலேயே காலை ஊன்றி நின்றுகொள்ளும்.

பயம் எங்கிருந்து வருகிறது

ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளர் 1977இல் பயம் மனிதனுக்குள் நுழைய மூன்று வழிகளைச் சொன்னார். தனக்கே பட்ட அனுபவம், பிறர் பயப்படுவதைப் பார்ப்பது, காதில் விழும் பேச்சு. பல் டாக்டர் விஷயத்தில் மூன்று கதவுகளையும் பெரும்பாலும் வீட்டார்தான் திறந்து வைக்கிறார்கள். "சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லிடுவேன்" என்பது மூன்றாவது கதவு. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் அப்பா இரண்டாவது. முதல் கதவு இருப்பதிலேயே அகலமானது: பல் டாக்டரையே தெரியாமல் வளர்ந்த குழந்தையை, கன்னம் வீங்கி இரவெல்லாம் அழுதபின் காலையில் முதல்முறையாக அழைத்துப் போவது. அன்றைக்கு வேறு வழியில்லை, வலிக்கிற பல்லைத்தான் தொட வேண்டும். அந்தப் பிள்ளையின் மனதில் அந்த அறையும் அந்த வாசனையும் வலியோடு சேர்ந்தே பதியும்.

அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை ஒன்றும் ஆகாமல் போய்வந்த குழந்தை, பிறகு ஒருநாள் வலியைச் சந்தித்தாலும் அவ்வளவு எளிதில் பயம் கற்றுக்கொள்வதில்லை. பழகிய இடத்தில் நடந்த ஒரு கெட்ட நாள் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் பல் முளைத்த 6 மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று குழந்தைகள் பல் மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் சொத்தையைத் தடுக்கும் நோக்கத்தோடு இந்தக் கணக்கும் இருக்கிறது. அந்த வயதில் நாற்காலியே தேவையில்லை. டாக்டரும் பெற்றவரும் முழங்காலோடு முழங்கால் முட்டும்படி எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தையின் கால்கள் அம்மா இடுப்பின் இருபுறமும், தலை டாக்டர் மடியில். அண்ணாந்து படுத்திருந்தாலும் கண்ணுக்கு எதிரே அம்மா முகம் தெரியும். ஒன்றிரண்டு நிமிடத்தில் பரிசோதனை முடிந்துவிடும். குழந்தை அழும், அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 3 வயதுக்குள் யார் படுக்க வைத்தாலும் அழுவது இயல்பு. (அழுதால் வாய் தானாகத் திறக்கும். டாக்டருக்கு அதுவும் ஒரு வசதி.)

வீட்டு ஒத்திகை

வாய்விட்டுச் சொல்லத் தெரியாத குழந்தைகளை வாட்டுவது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்: மல்லாந்து படுப்பது, வாயைத் திறந்தபடி வைத்திருப்பது, பார்க்க முடியாத இடத்தில் ஒரு பொருள் இருப்பது. மூன்றையும் வீட்டிலேயே பழக்கலாம். தினமும் இரவு பல் தேய்க்கும்போது பிள்ளையின் தலையை உங்கள் மடியில் வைத்துப் படுக்க வையுங்கள். மேலே வெளிச்சம் இருக்கட்டும். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பாலோ சின்னக் கரண்டியின் பின்புறத்தாலோ ஒவ்வொரு பல்லையும் தொட்டு எண்ணுங்கள். பால் பல் மொத்தம் 20. முதல் நாள் ஐந்து வரை எண்ணினால் போதும். அடுத்தடுத்த நாள் பத்து, பதினைந்து என்று ஏற்றலாம். எண்ணி முடிந்ததும் சொன்ன எண்ணிலேயே நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று நீட்டினால் ஒத்திகையின் பயனே போய்விடும். குழந்தை அங்கே கற்க வேண்டியது முடிவு என்று ஒன்று உண்டு, அது சொன்ன இடத்தில் வரும் என்பதைத்தான்.

எப்போது சொல்வது என்பதிலும் கணக்கு உண்டு. மூன்று நான்கு வயதுக்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரம் முழுக்கக் கவலைப்படும். முந்தின நாள் மாலையோ அன்று காலையோ போதும். ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி, கேள்வி கேட்க இடம் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் காலை நேரமே நல்லது. தூக்கம் கலைந்த மதிய வேளையிலும், பள்ளியில் களைத்துவந்த மாலையிலும் எந்த நல்ல டாக்டராலும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. வெறும் வயிற்றோடு அழைத்துப் போகவும் வேண்டாம். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் உணவுக்கட்டுப்பாட்டை டாக்டர் மணிக்கணக்கோடு சொல்லியிருப்பார். அதில் ஒரு வாய்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

சொல்லுவது, காட்டுவது, செய்வது

1959இல் அடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதிவைத்த முறை இன்றும் குழந்தைப் பல் மருத்துவத்தின் அரிச்சுவடி. முதலில் சொல், பிறகு காட்டு, பிறகு செய். உறிஞ்சும் குழாயை எடுத்துக்கொள்வோம். "இது வாயில இருக்கிற தண்ணியை உறிஞ்சும், கர்ருன்னு சத்தம் வரும்" என்று சொல்ல வேண்டும். குழந்தையின் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உறிஞ்சிக் காட்ட வேண்டும். உடனே வாயிலும் அதையே செய்ய வேண்டும். பற்களை மெருகேற்றும் ரப்பர்க் கிண்ணத்தை நகத்தின்மேல் சுழற்றிக் காட்டலாம். காற்றடிக்கும் குழாயைப் புறங்கையில் அடித்துக் காட்டலாம்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, காட்டியதற்கும் செய்வதற்கும் நடுவே இடைவெளி விழுவது. போன் பேசிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வந்தால் மறுபடி முதலிலிருந்துதான். இன்னொன்று, காட்டாத ஒன்றை வாய்க்குள் விடுவது. ஒன்பது கருவிகளைப் பொறுமையாக அறிமுகப்படுத்திவிட்டுப் பத்தாவதை அவசரத்தில் நுழைத்தால், முதல் ஒன்பதின் நம்பிக்கையும் அதோடு போகும். பல் துளைக்கும் மெஷின் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்குமேல் சுழலும், அதன் கீச்சொலிதான் பாதிப் பயம். அதை முதலில் வாய்க்கு வெளியே, தூரத்தில் வைத்து ஓடவிட்டுக் கேட்க வைத்தால் சத்தம் வெறும் சத்தமாகிவிடும்.

சொற்களைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வரம் இருக்கிறது: ‘மரத்துப்போவது’. கால் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன அனுபவம் ஐந்து வயதுக் குழந்தைக்கும் உண்டு. "உன் கால் மரத்துப்போச்சே, அது மாதிரி உதடு கொஞ்ச நேரம் மரத்துப்போகும், வீங்கின மாதிரி தோணும், ஆனா கண்ணாடியில பார்த்தா அப்படியேதான் இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லி, கண்ணாடியையும் கையில் கொடுத்துவிடலாம். இதைச் சொல்லாமல் விட்டால் பல பிள்ளைகள் அந்த மதமதப்பையே வலி என்று நினைத்து அலறும். அதேபோல் பல் எடுக்கும்போது மருந்து வலியைத்தான் மறைக்கும், அழுத்தத்தை மறைக்காது. "பல்லைத் தள்ளுற மாதிரி இருக்கும், அது தெரியும்" என்று சொல்லிவிட்டால் தள்ளும்போது குழந்தை அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

கை தூக்கினால் நிற்க வேண்டும்

எல்லாவற்றிலும் முக்கியமானது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். நாற்காலியில் படுத்திருக்கும் குழந்தைக்கு வாய் திறந்திருக்கிறது, பேச முடியாது. எழுந்து போக முடியாது. எப்போது முடியும் என்று தெரியாது. பெரியவர்களாகிய நமக்கே இந்த மூன்றும் சேர்ந்தால் வியர்க்கும். ஆகவே அதற்கு ஒரு நிறுத்து பொத்தான் கொடுக்கப்படுகிறது. இடது கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்திவிடுவார். இடது கை என்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான டாக்டர்கள் வலப்புறம் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், வலக்கை திடீரென்று எழுந்தால் கருவியில் இடித்துவிடும்.

இது பல கிளினிக்குகளில் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுவதுதான் வருத்தம். "வலிச்சா கையைத் தூக்கு" என்பார்கள். கை எழும், "இதோ முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று வேலை தொடரும். அதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம். சரியாகச் செய்கிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே சோதித்துக் காட்டுவார்கள். மெஷினை வாய்க்கு வெளியே ஓடவிட்டு, "இப்போ கையைத் தூக்கு பார்ப்போம்" என்பார்கள். கை எழுகிறது, சத்தம் நிற்கிறது. மறுபடி ஓடுகிறது, மறுபடி கை, மறுபடி நிசப்தம். மூன்றாவது முறை பெரும்பாலும் பிள்ளையின் முகத்தில் ஒரு குறும்பு வந்துவிடும். தன் கைக்கு அந்தப் பெரிய மெஷின் கட்டுப்படுகிறது என்று அதற்குத் தெரிந்த கணம் அது.

அதன்பின் உண்மையான வேலையில் கை எழும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதல் தடவை கை எழுவது அநேகமாக வலிக்காக இருக்காது, பார்ப்பதற்காக: இவர் நிஜமாகவே நிறுத்துவாரா? ஒன்றும் ஆகாத இடத்தில், பாதி வேலையில் கை எழும். அனுபவமில்லாதவர் எரிச்சலாவார், "ஒண்ணுமே பண்ணலையே" என்பார். அனுபவமுள்ளவர் உடனே நிறுத்தி, கருவியை வெளியே எடுத்து, "சரி, சொல்லு" என்பார். இரண்டாவது முறையும் நிறுத்துவார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு கை எழுவது குறைந்துவிடும், ஏனென்றால் சோதனையில் அவர் தேறிவிட்டார். அப்படியும் நொடிக்கொருமுறை எழுந்தால் எண்ணிக்கைக்கு மாறலாம்: "நான் ஐந்து எண்றவரைக்கும் பண்றேன், அப்புறம் நிறுத்துறேன்." ஐந்தில் நிற்க வேண்டும். அப்புறம் எட்டு, அப்புறம் பத்து. வீட்டு ஒத்திகையில் எண்ணிப் பழகியது இங்கே கைகொடுக்கும்.

ஒரு காலத்தில் அலறும் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவதும் பிள்ளையை வழிக்குக் கொண்டுவரும் ஒரு முறையாகப் பாடத்தில் இருந்தது. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாடமி 2006இல்தான் அதைத் தன் வழிகாட்டியிலிருந்து நீக்கியது. வாய் பொத்தப்பட்ட தலைமுறைக்கும் இன்று பிள்ளைகளை அழைத்து வருகிற பெற்றோருக்கும் பெரிய தூரமில்லை.

ஊசி

ஊசியை ஒளிக்கலாம், ஊசியே இல்லை என்று பொய் சொல்லக் கூடாது. கண்ணுக்கு நேரே ஆட்ட வேண்டியதில்லை. கேட்டால், "சின்னதா ஒரு கிள்ளு மாதிரி இருக்கும், பத்து எண்றதுக்குள்ள கிள்ளு போயிடும்" என்பது நேர்மையான பதில். அந்தக் கிள்ளு எவ்வளவு சின்னது என்பது பெரும்பாலும் டாக்டரின் பொறுமையைப் பொறுத்தது. ஈறைத் துடைத்து உலர்த்திவிட்டு மேலே தடவும் மரப்பு ஜெல் வைத்து 1 முதல் 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரமான ஈறில் தடவி உடனே குத்தினால் ஜெல் நாக்கைத்தான் மரக்க வைக்கும், பிள்ளை அந்தக் கசப்புக்கே அழ ஆரம்பிக்கும். ஊசி மருந்து அமிலத்தன்மை உள்ளது, வேகமாகத் தள்ளினால் எரியும், திசுவும் விரியும். நிமிடத்துக்கு 1 மில்லி என்கிற மெதுவான வேகத்தில் போனால் எரிச்சல் வெகுவாகக் குறையும். கன்னத்தை இழுத்துப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே போடுவதும், கால் விரல்களை ஆட்டச் சொல்வதும் கவனத்தைப் பிரிக்கும் பழைய உத்திகள்.

ஊசி போட்டபின் ஐந்து நிமிடமாவது பொறுத்து, ஈறைத் தொட்டுச் சோதித்த பிறகே தொடங்க வேண்டும். சீழ் கட்டிய பல்லைச் சுற்றித் திசு அமிலமாகியிருக்கும், அங்கே மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. இந்த இடத்தில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. குழந்தை "வலிக்குது" என்கிறது, பெரியவர்கள் "பயத்துல சொல்றான்" என்கிறார்கள். பயமாகவே இருக்கட்டும். பரிசோதிக்காமல் அப்படி முடிவுகட்ட யாருக்கும் உரிமை இல்லை. நிறுத்தி, சோதித்து, தேவைப்பட்டால் எடைக்கு ஏற்ற அளவுக்குள் இன்னும் கொஞ்சம் மருந்து கொடுக்க வேண்டும். முதலில் மருந்து மாத்திரையால் கிருமித் தொற்றை அடக்கிவிட்டு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பதும் உங்கள் உரிமைதான்.

துளைக்காமலே முடிகிற வேலைகள்

பால் பல் சொத்தை என்றாலே ஊசி, துளை, அடைப்பு என்று நினைக்க வேண்டியதில்லை. 38% சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தொட்டு வைத்தால் பல சொத்தைகள் அதோடு நின்றுவிடும். ஊசி இல்லை, மெஷின் இல்லை. விலை என்னவென்றால், சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல்லில் அது கண்ணுக்குத் தெரியும், கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்டு அவர் பெயராலேயே ‘ஹால் முறை’ என்று அறியப்படுவது இன்னொன்று. கடைவாய்ப் பால் பல்லின் சொத்தையைச் சுரண்டாமல், தயாராக இருக்கும் உலோகத் தொப்பியை ஒட்டுப் பசையோடு பல்லின்மேல் அழுத்தி மூடிவிடுவார்கள். காற்றும் உணவும் போகாமல் உள்ளே இருக்கும் சொத்தை அடங்கிப்போகும். பற்களுக்கு நடுவே இடமில்லையென்றால் முதலில் சின்ன ரப்பர் வளையங்களைச் செருகி மூன்று முதல் ஐந்து நாள் விடுவார்கள். தொப்பி போட்டதும் கடிக்கும்போது உயர்ந்திருப்பது போலத் தோன்றும், சில வாரங்களில் சரியாகிவிடும். இதைப் பிள்ளையிடமும் சொல்லிவிட வேண்டும். பல்லின் நரம்புவரை போன சொத்தைக்கு இவை இரண்டும் ஆகாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அமைதிப்படுத்த மூக்கில் வைத்து முகரச் செய்யும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவும் உண்டு. 1844இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் அதை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். இன்று ஆக்சிஜனோடு கலந்து, 50 சதவீதத்துக்கு மேல் போகாமல் கொடுத்து, கடைசி 5 நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்து முடிக்கிறார்கள். சளியால் மூக்கடைத்த பிள்ளைக்கு இது பயன்படாது. மூக்கில் எதையும் வைக்க விடாத பிள்ளைக்கும் அப்படித்தான். பத்துப் பல் சொத்தையான இரண்டரை வயதுக் குழந்தைக்கு முழு மயக்கத்தில் ஒரே நாளில் முடிப்பது, அதைப் பலமுறை பிடித்து அமுக்குவதைவிட இரக்கமானதாக இருக்கலாம். அதைத் தோல்வி என்று பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உள்ளே யார் போவது

அம்மா அப்பா இருவரில் பல் டாக்டரைக் கண்டு யாருக்குப் பயம் குறைவோ அவர் போகட்டும். உள்ளே போகிறவரின் வேலை பாதத்தில் கை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. டாக்டர் ஒரு பக்கம், உதவியாளர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று மூன்று குரல் கேட்டால் குழந்தை எதையும் கேட்காது. ‘வாயைத் திற’ என்பதை டாக்டர் மட்டும் சொல்லட்டும். ‘அழாம இருந்தா பொம்மை வாங்கித் தரேன்’ என்ற பேரம் இன்னும் ஆபத்து. இவ்வளவு கொடுக்கிறார்கள் என்றால் ஏதோ பெரிதாக நடக்கப் போகிறது என்று அது சரியாகவே கணக்குப் போடும். முடிந்தபின், எதிர்பாராமல், எதற்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாம். "சமத்தா இருந்தே" என்பதைவிட "அந்தச் சத்தம் வந்தப்போ வாயைத் திறந்தே வெச்சிருந்தியே" என்பது குழந்தைக்கு அடுத்த முறை என்ன செய்வது என்று சொல்லித்தருகிறது.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்தே இருக்கும். மரத்த உதட்டைக் கடித்துப் பார்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு, மரப்பு போனதும் அது புண்ணாகி வீங்கும். அந்தப் புண்ணை எல்லாரும் டாக்டர் கணக்கில் எழுதிவிடுவார்கள். மரப்பு போகும்வரை மெல்லுகிற உணவு வேண்டாம், சூடானது வேண்டாம், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

பிள்ளைகளின் ஞாபகத்தில் வலி நாளாக ஆக வளரும். அன்று மாலையே பேசிவிட்டால் அந்த வளர்ச்சி குறையும். "பாவம் என் செல்லம், எவ்வளவு வலிச்சுதோ" என்று தொடங்காமல், "எது ரொம்ப வேடிக்கையா இருந்துச்சு, எது பிடிக்கவே இல்லை?" என்று கேட்கலாம். பிடிக்காதது ஜெல்லின் கசப்பாக இருக்கும், அல்லது கண்ணில் விழுந்த விளக்காக இருக்கும், நாம் நினைத்தது அநேகமாக இருக்காது. அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், குழந்தையின் காதில் விழும்படியே. விளக்கு என்றால் ஒரு கறுப்புக் கண்ணாடியோடு முடிந்துபோகிற விஷயம்.